மைதீன் பிச்சையின் வெந்நீர் அனுபவம்

மார்கழித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சிறுமலையிலிருந்து இறங்குகிற குளிர் வேறெங்கும் தங்காமல் நேராக மொட்டைமாடித் தொட்டியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். விடிகாலையில் குழாயைத் திறந்து கையை நீட்டினால், அது நம்முடைய கைதானா என்று கொஞ்ச நேரம் சந்தேகமாக இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு மார்கழியில், பேகம்பூர் மைதீன் பிச்சை வீட்டு ஹீட்டரில் வெந்நீர் வருவது நின்றுபோனது. ஹீட்டர் ஓடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே உஸ்ஸென்று காய்கிற சத்தம் கேட்டது. செத்த நேரத்தில் சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. தண்ணீர் காய்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். குழாயைத் திறந்தால் மட்டும் பச்சைத் தண்ணீர் வந்தது.

மைதீன் பிச்சை தோல் மண்டியில் நாற்பது வருடம் தரம் பிரித்தவர். ஆட்டுத்தோலை விரித்துப் போட்டால் கட்டைவிரலால் ஒரே தடவு, முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் சென்னை வியாபாரியும் மறுபேச்சுப் பேச மாட்டார். அந்தக் கட்டைவிரலைக் குழாய்க்கு அடியில் நீட்டிப் பார்த்துவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார்.

"சைதூன், இது வெந்நி இல்ல."

"அதத்தானே ஒரு வாரமா நானும் சொல்றேன்" என்றாள் அவர் மனைவி சைதூன்.

ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு, குளிர்ந்தால் குளிர்ந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை மகள் ஹாஃபிஸாவுக்கு, டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஆபரேஷன் செய்து ஆண் குழந்தையை எடுத்தார்கள். தலைப்பிரசவம். மருமகன் குவைத்தில். நாற்பது நாளும் தாய்வீட்டில் இருக்க வேண்டிய பெண். அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அடுப்பில் காய வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். காய வைக்கலாம். தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டுமே. சைதூன் மழைநாளில் வாசலில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு இருந்தாள். மைதீன் பிச்சைக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அடுப்படி வீட்டின் முன்பக்கம், பாத்ரூம் பின்பக்கம். நடுவே இரண்டு படி.

ஆஸ்பத்திரியில் மகளோடு கூட இருந்தது நத்தத்துச் சம்மந்தியம்மா தாஹிரா. நல்ல மனுசிதான், ஆனால் கறார். அன்று சாயங்காலமே போன் செய்துவிட்டார்.

"சம்மந்தி, உங்க வீட்டுல வெந்நி வரலயாம்ல? ஹாஃபிஸா சொன்னுச்சு. அறுத்த ஒடம்பு, பச்சப்புள்ள. மார்கழி மாசம் வெந்நி இல்லாம ஆவுமா? வெள்ளிக்கெழம நான் கார்லயே கூட்டிட்டு வாரேன். உங்க வீட்டு வாசல்ல நிறுத்திட்டு, நானே உள்ள வந்து கொழாயத் தொறந்து பாப்பேன். சுட்டுச்சுன்னா புள்ளைய எறக்குறேன். சுடலன்னா வண்டி நேரா நத்தம். நீங்க ரெண்டு பேரும் அங்க வந்து பாத்துக்கலாம்."

சைதூன் பீரோவைத் திறந்து, ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த தொட்டில் துணிகளை ஒரு கையாலேயே மடித்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். மைதீன் பிச்சை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய், பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஹீட்டர் உத்தரவாத அட்டையை எடுத்தார். ஏழு வருட உத்தரவாதம். அதில் ஒன்றுதான் முடிந்திருந்தது. அட்டையின் அடியில் சிவப்பு எழுத்தில், வெளியாள் யாராவது ஹீட்டரைத் தொட்டால் உத்தரவாதம் செல்லாது என்று போட்டிருந்தது. தெருமுனை எலெக்ட்ரீஷியனை ஏன் கூப்பிடவில்லை என்பது உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

கம்பெனியின் பெயர் செந்தணல். போன் செய்தால் பதினொரு நிமிடம் புல்லாங்குழல் வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம். செந்தணலுக்கு உங்களை இதமா வரவேற்கிறது அல்போன்சா. உங்க அனுபவத்தச் சொல்லுங்க சார்."

"அனுபவம் இல்லம்மா, புகாரு. ஹீட்டர்ல வெந்நி வரல."

"புகார்ங்கற வார்த்தைய எங்க கம்ப்யூட்டர் எடுத்துக்காது சார். அனுபவம்னே போட்டுக்கறேன். வெந்நீர் வரலையா, இல்ல வர்ற தண்ணி வெந்நீரா இல்லையா?"

மைதீன் பிச்சை யோசித்தார். "ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

"இல்ல சார். தண்ணியே வரலன்னா அது குழாய் சம்பந்தப்பட்டது, நாங்க பாக்க மாட்டோம். தண்ணி வந்து, அது சூடா இல்லன்னா வெப்பம் சம்பந்தப்பட்டது. விளக்கு என்ன கலர்ல எரியுது சார்?"

"பச்ச."

"பச்சன்னா தண்ணி சூடா இருக்கு சார்."

"நான் கைய வச்சுப் பாத்தேனேம்மா."

"கைக்கு எங்ககிட்ட ஆப்ஷன் இல்ல சார். விளக்குக்குத்தான் இருக்கு. இருந்தாலும் உங்க அனுபவத்தப் பதிஞ்சுட்டேன். வேற எதுவும் உண்டா? பொதுவா நீங்க எப்படி சார் இருக்கீங்க, வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களா?"

இந்தக் கேள்வியை பேகம்பூரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வருகிறவரும் வாயில் வைத்த பஞ்சோடு ஒரே பதிலைத்தான் சொல்வார். எல்லாப் புகழும் இறைவனுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் பல்வலியைப் பற்றிப் பேச்சை எடுப்பார். மைதீன் பிச்சையும் அப்படியே சொன்னார்.

"அல்ஹம்துலில்லாஹ். நல்லா இருக்கோம்மா. இன்னைக்குத்தான் பேரன் பொறந்திருக்கான்."

"வாழ்த்துகள் சார்!"

போனை வைத்த ஒரு நிமிடத்தில் செய்தி வந்தது. 'உங்கள் அனுபவம் மகிழ்ச்சியுடன் நிறைவுற்றது. செந்தணல், சுடச்சுட உங்களுடன்.'

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை நலம் விசாரித்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று உறுதியாக முடிவு செய்துகொண்டு போன் செய்தார். தண்ணீர் சுடவில்லை என்று மூன்று முறை சொன்னார். அல்போன்சா மூன்று முறையும் பதிந்துகொண்டாள். கடைசியில், "பேரன் எப்படி சார் இருக்கான்?" என்று கேட்டாள்.

பிறந்து ஒரு நாளான குழந்தை. அதைப் பற்றிக் கேட்டால் மனுசன் என்ன சொல்வான்? பேசாமல் இருந்தால் குழந்தைக்கு ஆகுமா?

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். செய்தி வந்துவிட்டது. மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். அல்போன்சாவுக்கு அதற்குள் அந்தக் குடும்பத்தின் மேல் பிரியம் வந்திருந்தது. தாய்க்குப் பால் ஊறுகிறதா என்று விசாரித்தாள், சைதூனின் மாவுக்கட்டு வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதுவும் மகிழ்ச்சியுடன் நிறைவுற்றது.

"நீங்க போன வைங்க" என்றாள் சைதூன். "நான் பேசுறேன்."

அவளிடம் அல்போன்சா, "கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். மாவுக்கட்டுக்குள் அரித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டே சைதூன் சொன்ன பதிலை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் கெட்டிக்காரி. சொன்ன கையோடு, "ஆள அனுப்புற வரைக்கும் நான் போன வைக்கப் போறதில்ல கண்ணு, நீ வேணா புல்லாங்குழல் வாசி" என்றும் சொல்லிவிட்டாள். அதனால் அனுபவம் நிறைவுற்றாலும் ஆள் வருவதாக ஆயிற்று.

திங்கட்கிழமை வந்தவன் பெயர் முகேஷ்குமார். தாடிக்கொம்புக்காரன். இருபத்தெட்டு வயது, ஆரஞ்சு நிறக் கம்பெனிச் சட்டை. வாசலிலேயே ஷூவுக்கு மேல் நீலப் பையை மாட்டிக்கொண்டான். மைதீன் பிச்சையின் தோளில் கைபோட்டுச் சிரித்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். தோளில் கை விழும் என்று எதிர்பார்க்காததால் அந்தப் படத்தில் மைதீன் பிச்சை திருடனைக் கண்டவர்போல விழுந்திருந்தார். பிறகு ஹீட்டரை ஐந்து பக்கமும் படம் எடுத்தான். மேல்பக்கத்துக்கு ஸ்டூல் தேவைப்பட்டது. ஒரு கருவியை ஹீட்டரின் வயிற்றில் வைத்துப் பார்த்தான்.

"உள்ள அறுபத்தெட்டு டிகிரி இருக்கு பாய். அருமையா வேல செய்யுது."

"கொழாய்ல வரலயேப்பா."

"கொழாய் கஸ்டமர் ஏரியா. நாங்க ஹீட்டரோட வாய் வரைக்குந்தான்."

"கையச் செத்த நீட்டித்தான் பாரேன்."

முகேஷ்குமார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாம் பாய். கம்பெனிச் சட்டையோட தண்ணியத் தொட்டா மெமோ. போன மாசம் வத்தலக்குண்டுல ஒரு அண்ணன் தொட்டுப் பாத்துட்டு, 'ஆமாங்க, சுடலதான்'னு கஸ்டமர்கிட்டயே சொல்லிட்டாரு. அவர இப்ப மின்விசிறிப் பிரிவுல போட்டிருக்காங்க."

"மார்கழி மாசத்துலயா?"

"ஆமா பாய். தனியா உக்காந்திருக்காரு."

பிறகு அவன் மகிழ்ச்சி எண் கேட்டான். கம்பெனி, வீட்டுக்காரரின் போனுக்கு நாலு எண் அனுப்பும். வந்த வேலை முடிந்து வீட்டுக்காரர் மகிழ்ச்சி அடைந்ததும் அதை வந்தவனிடம் சொல்ல வேண்டும்.

"வேலையே முடியலயேப்பா, எப்படிச் சொல்றது?"

"முடியலன்னு போட எடமே இல்ல பாய். நம்பர் போட்டாத்தான் அடுத்த வீட்டு அட்ரஸ் போன்ல வரும். அதுவரைக்கும் நான் உங்க வீட்டுலதான்."

"அப்ப இரு" என்றார் மைதீன் பிச்சை. நாற்பது வருடம் வியாபாரிகளோடு மல்லுக்கட்டியவர் அல்லவா? அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். இவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். இவர் போய்த் தொழுதுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். அவன் நீலப் பைகளோடு அப்படியே இருந்தான்.

அடுப்படியிலிருந்து சைதூன் எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, சாப்டியா?"

"இல்லம்மா. இன்னும் நாலு வீடு கெடக்கு."

"மூணு, ஒம்போது, ஒம்போது, ஒண்ணு" என்றாள் சைதூன். போன் அவளிடம் இருந்தது.

மைதீன் பிச்சை துள்ளி எழுந்தார். "என்ன காரியம் பண்ண?"

"அதுவும் ஒருத்தி பெத்த புள்ளதானங்க. நம்ம வீட்டுத் தண்ணி சுடலங்கிறதுக்காக அது வயிறு காயணுமா? நீ வாப்பா, ரசமும் மொட்டப் பொரியலும் இருக்கு. ஒரு கை சாப்டுட்டுப் போ."

செவ்வாய்க்கிழமை அவர் நேரிலேயே போனார். பழனி ரோட்டில் மாடியில் அந்த அலுவலகம். வாசலில் 'திருப்தி மையம்' என்று பலகை. உள்ளே முப்பது பேர் டோக்கனோடு திருப்திக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் மடியில் மிக்ஸி. ஒரு அம்மா இரண்டு வருடமாக வருவதாகச் சொன்னார். இப்போதெல்லாம் வீட்டைவிட இங்கே காற்று நன்றாக வருகிறதாம்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்கள் வெந்நீர் எப்படி இருக்கிறது? டிக் செய்யவும்' என்று போட்டு, கீழே நாலு கட்டம். இதம், மிக இதம், பேரிதம், சொல்லில் அடங்காத இதம். மைதீன் பிச்சை நாலையும் இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, ஐந்தாவதாக ஒரு கட்டம் தானே வரைந்து, பக்கத்தில் 'பச்சத் தண்ணி' என்று எழுதி டிக் செய்து கொடுத்தார்.

கவுண்டரில் இருந்த பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் கட்டம் வரைந்ததில்லை. படிவம் உள்ளே போனது. பின்னாலேயே இவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்தவர் மண்டலத் திருப்தி அலுவலர் உடையப்பன். செம்பட்டிக்காரர். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, சாந்தமான முகம்.

"உக்காருங்க பாய். ஒண்ணு கேக்குறேன். ஊர்ல எல்லாரும் ஹீட்டர எதுக்கு வாங்குறாங்க?"

"வெந்நிக்குத்தான் சார்."

உடையப்பன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அங்கதான் தப்புப் பண்றீங்க. வெந்நி அடுப்புலயும் வருமே? மனுசன் வாங்கறது நிம்மதிய. படுக்கும்போது, 'காலைல வெந்நி இருக்கு'ன்னு ஒரு நெனப்பு வருதுல்ல, அந்த நெனப்பத்தான் நாங்க விக்கிறோம். காலைல கொழாய்ல என்ன வருதுங்கறது வேற டிபார்ட்மெண்ட். நான் இங்க பதினேழு வருசம் பாய். பதினேழு வருசத்துல ஒரு புகார் வந்ததில்ல. எப்படீங்கிறீங்க? புகார் எழுதுற நோட்ட மொத வருசமே எடுத்துட்டோம்."

"சார் வீட்டுலயும் இந்த ஹீட்டர்தானா?"

"நம்ம வீட்டுலயா? நமக்கு வெறகு பாய்லர் பாய். அந்தத் தண்ணியில குளிக்கிற சொகம் எதுலயும் வராது" என்றவர், சொன்னது காதில் விழுந்ததும் பையிலிருந்த மூன்று பேனாவையும் ஒருமுறை சரி செய்துகொண்டார். பேச்சை மாற்ற, கம்ப்யூட்டரில் மைதீன் பிச்சையின் கணக்கைத் திறந்தார். திறந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாய், மூணு நாள்ல அஞ்சு தடவ மகிழ்ச்சி அடைஞ்சிருக்கீங்க."

"அது வந்து சார்..."

"மாவட்டத்துல ஒரு கஸ்டமர் வருசத்துக்கு ஒருவாட்டி மகிழ்ச்சி அடைஞ்சாலே பெரிசு. எங்க கம்பெனில வேல பாக்குறவங்களே இம்புட்டு அடைஞ்சதில்ல." அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் மைதீன் பிச்சையின் கையைப் பிடித்துக்கொண்டார். "வருசக் கடைசி. ஹெட் ஆபீஸ்ல மாவட்டத்துக்கு ஒரு மகிழ்ச்சியான வாடிக்கையாளர் பேரு கேட்டு உசுர எடுக்குறாங்க. வியாழக்கெழம விழா வச்சிருவோம்."

"வெள்ளிக்கெழம எம் மக கைப்புள்ளையோட வருது சார். அதுக்குள்ள வெந்நி..."

"விழா வியாழக்கெழமையே முடிஞ்சிரும் பாய். உங்களுக்கு எடஞ்சலே இருக்காது."

மைதீன் பிச்சைக்கு எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் உடையப்பன் இன்னொன்றும் சொன்னார். விருது வாங்குகிறவர் வீட்டுக்கு விழா முடிந்த கையோடு கம்பெனி ஆள் ஒருவர் கட்டாயம் வருவாராம். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் தலையாட்டினார்.

விழா அந்த அலுவலகக் கூடத்திலேயே நடந்தது. சுவரோரம் பத்து ஹீட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ரோஸ் ரிப்பன். ஒன்றுக்கும் மின் இணைப்பு இல்லை. வந்தவர்களுக்கு எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. மைதீன் பிச்சைக்கு சால்வை போர்த்தினார்கள். மூன்றடிக்கு இரண்டடியில் கண்ணாடி போட்ட பலகை ஒன்றைத் திறந்து காட்டினார்கள். 'மாவட்டத்தின் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்' என்ற எழுத்துக்குக் கீழே, முகேஷ்குமாரின் கை தோளில் விழுந்த அதிர்ச்சியோடு மைதீன் பிச்சையின் முகம்.

உடையப்பன் பேசினார். "வாடிக்கையாளர் பெருமக்களே! சில பேர் தண்ணியத் தொட்டுப் பாத்துட்டு முடிவு பண்றாங்க. அது அவசர புத்தி. நம்ம கம்பெனி அப்படி அவசரப்பட்டதே இல்ல. இருவது லட்சம் ஹீட்டர் வித்திருக்கோம், ஒரு சொட்டுத் தண்ணியக்கூட நாங்க தொட்டதில்லன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன்!"

கைதட்டினார்கள். மடியில் மிக்ஸி வைத்திருந்தவரும் தட்டினார். தட்டினால் டோக்கன் சீக்கிரம் வரும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

பிறகு உடையப்பன் மைக்கை மைதீன் பிச்சையின் வாய்க்கு நேரே நீட்டி, "சொல்லுங்க பாய், எப்படி இருக்கீங்க? மகிழ்ச்சியா இருக்கீங்களா?" என்றார்.

மூன்று நாளாக மைதீன் பிச்சை இந்தக் கேள்விக்குத்தான் தயார் செய்து வைத்திருந்தார். இல்லை என்று ஒரே வார்த்தை. ஆனால் அத்தனை பேர் முன்னால், பேரன் பிறந்த வாரத்தில், இறைவன் கொடுத்ததை இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். ஆனா தண்ணி..."

முதல் வார்த்தைக்கே கைதட்டல் கிளம்பிவிட்டது. மிச்சத்தை அவர் முழுசாகத்தான் சொன்னார். பச்சைத் தண்ணி என்றார், மகள் நாளைக்கு வருகிறாள் என்றார், வண்டி நத்தம் போய்விடும் என்றார். அவர் வாய் அசைவதைப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். உடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

விழா முடிந்ததும், சொன்ன சொல் தவறாமல் ஒரு ஆள் வந்தார். முகேஷ்குமார்தான். கையில் டிரில்லிங் மெஷின்.

"ஹீட்டரப் பாக்கத்தானப்பா வார?"

"இல்ல பாய். பலகைய மாட்ட. சொவத்துல மாட்டி போட்டோ எடுத்து அனுப்பணும்னு உத்தரவு."

வீடு வரும் வரைக்கும் மைதீன் பிச்சை, முகேஷ்குமார் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னால் தன் முகத்தைத் தானே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சைதூன் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இதுல வெந்நி வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

முகேஷ்குமார் கூடத்துச் சுவரில் இரண்டு ஓட்டை போட்டான். செங்கல் தூள் முழங்கை வரைக்கும் அப்பிக்கொண்டது. பலகையை மாட்டி போட்டோ எடுத்தான். சட்டையும் பாழாகிவிட்டதால் அதைக் கழற்றி உதறி நாற்காலியில் போட்டான்.

"ம்மா, கை கழுவிக்கிறேன்."

"பாத்ரூம்ல போய்க் கழுவிக்கப்பா."

அவன் உள்ளே போய், கைக்கு அகப்பட்ட முதல் குழாயைத் திருகினான். அது முட்டி உயரத்தில், முன்னால் உட்காரப் போட்ட ஒரு கல்லோடு இருந்த சின்னக் குழாய். அடுத்த நொடி, "பாய்!" என்று ஒரு கத்தல். ஷாக் அடித்துவிட்டதோ என்று மைதீன் பிச்சை ஓடினார்.

"பாய், சுடுது! வெதுவெதுன்னு வருது!"

"அது ஒளுச் செய்யுற கொழாய்ப்பா" என்றார் மைதீன் பிச்சை. "அதுல எப்பவும் அப்படித்தான் வரும். அதுல ஒரு கொறையும் இல்ல."

தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவுவதற்கான குழாய் அது. ஆபரேஷனுக்குப் பிறகு நின்றுகொண்டு கால் கழுவ முடியாமல் போனதால், உட்கார்ந்து கழுவத் தோதாக, பிளம்பர் பேச்சிமுத்துவை வைத்துப் புதிதாகப் போட்டது. வெந்நீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை, பச்சைத் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை, ஆளுக்கொரு வால்வு, இரண்டும் சேர்கிற இடத்தில் ஒரு வாய். மைதீன் பிச்சை அரை நாள் அந்தக் கல்லில் உட்கார்ந்து, கட்டைவிரலை வைத்துப் பார்த்துப் பார்த்து, இரண்டு வால்வையும் இம்மி இம்மியாகத் திருகி, தன் உடம்புக்கு ஏற்ற பதத்தில் நிறுத்தியிருந்தார். அந்தப் பதம் கலைந்துவிடக் கூடாது என்று அதற்குப் பிறகு வால்வுகள் பக்கமே போகவில்லை. வாயை மட்டும் திறப்பார், மூடுவார்.

முகேஷ்குமார் இரண்டு வால்வையும் பார்த்தான். பிறகு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இத எப்ப பாய் போட்டீங்க?"

"ஆச்சு, பன்னெண்டு நாளு."

"வெந்நி எப்ப நின்னுச்சு?"

மைதீன் பிச்சை விரல்விட்டு எண்ணினார். எண்ணிக்கொண்டே வந்தவர் பாதி வழியில் விரலை நிறுத்திவிட்டார். கதவோரம் நின்ற சைதூன் அந்த விரலையே பார்த்தாள்.

"ரெண்டு வால்வும் தொறந்து கெடக்கு, வாய மட்டும் மூடுறீங்க" என்றான் முகேஷ்குமார். "பச்சத் தண்ணி இது வழியா பூந்து வெந்நிக் கொழாய்க்குள்ள போயிருது. நீங்க பக்கெட் கொழாயத் தொறந்தா, ஹீட்டர்ல இருக்குற வெந்நி கெளம்பி வாரதுக்குள்ள இது முந்திக்கிட்டு வந்துருது. வெந்நி பாவம், உள்ளயே காஞ்சுக்கிட்டுக் கெடக்கு."

ஒரு வால்வை மூடினான். பக்கெட் குழாயைத் திறந்தான். முதலில் பச்சைத் தண்ணீர் வந்தது. பிறகு வெதுவெதுப்பு. பிறகு பக்கெட்டிலிருந்து ஆவி எழும்பி, மேலே மாட்டியிருந்த கண்ணாடியை மூடியது. மைதீன் பிச்சை கையை நீட்டி, "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டார்.

"நாப்பது வருசமா தோலத் தடவின கட்டவெரலு!" என்றாள் சைதூன். "வீட்டுக் கொழாயத் தடவத் தெரியல. அந்தக் கம்பெனிக்காரன் ஏன் பலக குடுத்தான்னு இப்பல்ல தெரியுது."

"இனி அஞ்சு வேளையும் நானே குனிஞ்சு மூடுறேன்" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

"குனிய வேணாம் பாய்" என்றான் முகேஷ்குமார். "பேச்சிமுத்து அண்ணன்கிட்டச் சொல்லி, தண்ணி திரும்பப் போகாம ஒரு வால்வு போடச் சொல்லுங்க. அதுவரைக்கும் மூடிக்கங்க." பிறகு நாற்காலியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே குரலைத் தணித்தான். "ஒரு உதவி பாய். நான் தண்ணியத் தொட்டத யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"ரிப்பேர் பாத்தேன்னு எழுதிக்கயேன்ப்பா. உனக்கும் பேரு."

"எதுல பாய் எழுதுறது? உங்க வீட்டுலதான் கொறையே இல்லையே." சைதூன் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்த மீன்குழம்பை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு அவன் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அரை மணி நேரத்தில் கார் வந்து நின்றது. தாஹிரா மட்டும் இறங்கினார். பின் இருக்கையில் ஹாஃபிஸா, மடியில் துணிப் பொதி. இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று தாஹிரா டிரைவரிடம் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.

கூடத்துக்குள் வந்தவர் பலகையின் முன்னால் நின்றார். "இதென்ன சம்மந்தி?"

"ஒண்ணுமில்லம்மா. ஹீட்டர் கம்பெனில குடுத்தது."

"கம்பெனிக்காரனே பலக குடுத்துட்டானா? அப்பத் தண்ணி வரவே வராதே" என்றபடி புர்கா கையை முழங்கை வரைக்கும் சுருட்டிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார்.

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. சைதூனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. மைதீன் பிச்சை காரைப் பார்த்தார். அது புகை விட்டுக்கொண்டு நின்றது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு சத்தம் நின்றது. தாஹிரா வெளியே வந்து, சிவந்திருந்த கையைப் புர்காவில் துடைத்துக்கொண்டார்.

"புள்ளைய எறக்குங்க" என்றார். "ஆனா ஒண்ணு. இந்த நாப்பதுக்குள்ள எப்பக் கெட்டாலும் எனக்கு ஒரு போன் போதும். ஒரு மணி நேரத்துல வந்துருவேன்."

சைதூன் அதற்குள் காரடிக்குப் போயிருந்தாள்.

வாடகைக் காரை அப்போதே அனுப்பிவிட்டிருந்த தாஹிரா, சாயங்காலம் நத்தம் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். மைதீன் பிச்சை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பேரன் மடியில் தூங்கினான். அத்தனை சின்ன ஆளைத் தூக்கக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லியிருக்கவில்லை. கட்டைவிரலால் அவன் உள்ளங்காலை மெல்லத் தடவிப் பார்த்தார். முதல் தரம்.

பாத்ரூமிலிருந்து ஹாஃபிஸாவின் குரல் தெருவுக்குக் கேட்கிற மாதிரி எழுந்தது. "அம்மா! சுடுதும்மா! என்ன வேக வைக்கப் போறியா?"

"கத்தாதடி, தையல் பிரிஞ்சிறப் போகுது. அறுத்த ஒடம்புக்குச் சூடாத்தான் ஊத்தணும்."

"இம்புட்டுச் சூடா? அத்தாவக் கூப்பிடு, இந்த ஹீட்டரக் கழத்தி எறியச் சொல்லு!"

"அவர ஏன் இழுக்குற? செத்த இரு, வெளாவி ஊத்துறேன்."

பச்சைத் தண்ணீர் பக்கெட்டில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கையால் மொண்டு ஊற்றுகிற செம்பின் சத்தம், ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக, இடையில் நின்று நின்று வந்தது. ஹாஃபிஸா மறுபடி கத்தவில்லை. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க மைதீன் பிச்சைக்குக் கண் சொருகியது. நாற்பதில் இன்னும் முப்பத்து மூன்று நாள் இருந்தது.